மான் அடிபட்ட பிறகு: எங்கே நிதானம், எங்கே அவசரம்

மான் வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி துப்பாக்கியைப் பற்றியே இருக்கும். எந்தத் தோட்டா, எந்த ஸ்கோப், எவ்வளவு தூரம். ஆனால் அடிபட்ட மான் கைக்கு வராமல் போவதும், கைக்கு வந்த மானின் கறி வீச்சமடித்து வீணாவதும் விசையை அழுத்திய பிறகுதான். சுட்டவுடன் பரணை விட்டு இறங்கி ஓடுகிறார்கள். மான் கிடைத்த பிறகோ படம் எடுத்து, நாலு பேருக்குப் போன் போட்டு, ஆற அமர வேலையைத் தொடங்குகிறார்கள். முறை இதற்கு நேர் எதிர். தேடும்போது பொறுமை வேண்டும், கிடைத்த பிறகு வேகம் வேண்டும்.

இங்கே எழுதுவது அமெரிக்காவிலும் கனடாவிலும் உரிமம் வாங்கிச் சட்டப்படி நடக்கும் வெண்வால் மான் வேட்டையைப் பற்றி மட்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுடுவது குற்றம். அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். அந்த ஆண்டின் விதிக் கையேட்டைப் படிக்காமல் யாரும் காட்டுக்குள் போகக் கூடாது.

சுட்ட நொடியில் கவனிக்க வேண்டியது

குறி எங்கே என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி, நெஞ்சின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். அங்கேதான் இரண்டு நுரையீரலும், சற்றுக் கீழே இருதயமும் இருக்கின்றன. மான் கொஞ்சம் அப்பால் திரும்பி நின்றால், மறுபக்கத்து முன்னங்காலில் போய் முடிகிற மாதிரி குறி வைக்க வேண்டும். நேர் எதிரே பார்த்து நிற்கும் மானையும், பின்புறம் காட்டி நிற்கும் மானையும் விட்டுவிடுங்கள். தலைக்குக் குறி வைப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். ஓர் அங்குலம் தவறினால் தாடை உடைந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும்.

சுட்டதும் மான் என்ன செய்தது என்பதைக் கண்ணை எடுக்காமல் பாருங்கள். பின்னங்கால்களை உதைத்துத் துள்ளி, தலையைத் தாழ்த்திக் கண்மண் தெரியாமல் ஓடினால் பெரும்பாலும் இருதயம் அல்லது நுரையீரல். முதுகைக் கூனிக்கொண்டு, வாலைத் தொங்கவிட்டு, சில அடி ஓடி நடக்கத் தொடங்கினால் தோட்டா வயிற்றில் பட்டிருக்கிறது. மான் நின்றிருந்த இடம், கடைசியாகக் கண்ணில் பட்ட இடம், இரண்டுக்கும் ஒரு மரத்தையோ பாறையையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பரண் மேலிருந்து தெரியும் காடு வேறு, தரையிலிருந்து தெரியும் காடு வேறு. இறங்குவதற்கு முன்பே போனில் ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது. திசைகாட்டியில் கோணம் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இறங்கும்போதும், விழாமல் இருக்க உடலை மரத்தோடு பிணைக்கும் பட்டைக் கயிற்றைக் கழற்றாதீர்கள். பரணிலிருந்து விழுவது இந்த வேட்டையில் மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து. பரபரப்பில் கை நடுங்கும் நேரம் இது. துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டுத் தனிக் கயிற்றில் கீழே இறக்கிவிட்டு, பிறகு நீங்கள் இறங்குங்கள்.

ரத்தம் சொல்வது

அடிபட்ட இடத்துக்கு மெதுவாகப் போய் முதலில் முடியைத் தேடுங்கள். கரடுமுரடான, நுனி கறுத்த நீளமான பழுப்பு முடி என்றால் முதுகுப்பக்கம். குறி மேலே போயிருக்கிறது. வெள்ளை முடி என்றால் வயிற்றின் அடிப்பாகம். அதன் பிறகு ரத்தம். இளஞ்சிவப்பாக, சிறுசிறு காற்றுக்குமிழியோடு இருந்தால் நுரையீரல். பளிச்சென்ற சிவப்பு, நிறைய, இருபுறமும் சிதறியிருந்தால் இருதயமோ பெரிய ரத்தக் குழாயோ. கருஞ்சிவப்பாக, திராட்சைச் சாற்றின் நிறத்தில் இருந்தால் ஈரல். நீர்த்துப்போய், பழுப்போ பச்சையோ கலந்து, அரைத்த தழையின் துணுக்குகளோடு நாற்றமடித்தால் குடல் அல்லது இரைப்பை. வில்லால் எய்தவர்களுக்கு இது இன்னும் எளிது: ஊடுருவிப் போன அம்பை எடுத்து முகர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஏமாற்றுவது ஒன்று உண்டு. பளிச்சென்ற சிவப்பு, குமிழி இல்லை, முதல் நூறு மீட்டர் தாராளமாகக் கொட்டி, பிறகு சொட்டுச் சொட்டாகக் குறைந்து நின்றுபோகும். இது சதையில் மட்டும் பட்ட அடி. தொடக்கத்தில் இவ்வளவு ரத்தம் இருக்கிறதே என்று நம்பி வேகமாகப் போகிறவர்கள் இதில்தான் தோற்கிறார்கள். இதற்கு மறுபுறமும் உண்டு. உயரமான பரணிலிருந்து செங்குத்தாகச் சுடும்போது தோட்டா மேலே நுழைந்து கீழே வெளியேறாமல் நின்றுவிட்டால், ரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கும். முப்பது நாற்பது மீட்டருக்குத் தரையில் ஒரு சொட்டுகூட விழாது. இரண்டு நுரையீரலும் கிழிந்த மான்தான் அது. ரத்தம் இல்லை என்பதற்காகக் குறி தப்பியது என்று முடிவு கட்டி வீட்டுக்குப் போகாதீர்கள்.

காத்திருக்கும் நேரம் இதைப் பொறுத்தது. இருதயம், நுரையீரல் என்று உறுதியாகத் தெரிந்தால் அரை மணி நேரம். ஈரல் என்றால் குறைந்தது 4 மணி நேரம். குடல், இரைப்பை என்றால் 8 முதல் 12 மணி நேரம். கடைசி எண்ணைப் பார்த்ததும் பலருக்கு மனம் ஒப்பாது. காரணம் எளிது: அடிபட்ட மான் தன்னை யாரும் துரத்தவில்லை என்று உணர்ந்தால் சில நூறு மீட்டருக்குள் படுத்துவிடும், படுத்த இடத்திலேயே உயிர் போகும். உயிர் போவதற்குள் நீங்கள் அங்கே போய்விட்டால், உடம்பில் மிச்சமிருக்கும் வேகத்தையெல்லாம் கூட்டி ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓடும். வயிற்றில் பட்ட காயத்தைக் குடலும் கொழுப்பும் அடைத்துக்கொள்வதால் தடமும் இருக்காது. அப்படிப்பட்ட மான் கையில் சிக்குவது அரிது.

இரவு வெதுவெதுப்பாக இருந்தால் கறி கெடுமே, குட்டை ஓநாய் போன்ற கயோட்டி தின்றுவிடுமே என்ற கவலை நியாயமானது. அப்போதும் வயிற்றடி என்றால் 6 மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்கவே சொல்வேன். கறியில் கொஞ்சம் போவதும் மானே போவதும் ஒன்றல்ல. மழை வரப்போகிறது என்றால் நுரையீரல் அடிக்கு உடனே இறங்கலாம். வயிற்றடிக்கு மழை வந்தாலும் காத்திருந்து, பயிற்சி பெற்ற தேடும் நாயை வரவழைப்பதுதான் வழி. பல மாநிலங்களில் கயிற்றில் பிடித்த நாயோடு தேட அனுமதி இருக்கிறது. எல்லா இடத்திலும் இல்லை, முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

தடம் பிடித்தல்

தடத்தின் மேல் நடக்காதீர்கள். பக்கவாட்டில் ஓரடி தள்ளி நடங்கள். கடைசியாகப் பார்த்த ரத்தத்தின் அருகே ஒரு துண்டு டாய்லெட் பேப்பரைக் கிளையில் மாட்டுங்கள்; மழையில் கரைந்துவிடும், குப்பை சேராது. பத்துப் பதினைந்து துண்டு மாட்டியபின் திரும்பிப் பார்த்தால் மான் போகும் போக்கு தெரியும். தரையை மட்டும் பார்க்காமல் இடுப்பு உயரத்துக்கு இருபுறமும் உள்ள புல், செடித் தண்டு, கீழே கிடக்கும் மரத்தின் பக்கவாட்டு, எல்லாவற்றையும் பாருங்கள். உடம்பில் வழியும் ரத்தம் உரசிச் செல்லும் இடங்கள் அவை. இலையில் இருப்பது ரத்தமா வெறும் சிவப்புப் புள்ளியா என்று சந்தேகம் வந்தால் ஒரு சிறிய தெளிப்புப் புட்டியில் ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் என்றால் நுரைக்கும்.

தடம் விட்டுப்போனால் கடைசி அடையாளத்தில் ஒருவரை நிற்க வைத்து, மற்றவர் அரை வட்டமாக அகலித்துக்கொண்டே தேட வேண்டும். நாலு பேர் சேர்ந்து கண்டபடி மிதித்தால் இருந்த தடமும் அழிந்துவிடும். வயிற்றடி பட்ட மானுக்குத் தாகம் எடுக்கும் என்பதால் ஓடை, சேற்றுப் பள்ளம் பக்கம் பார்ப்பது வீண்போகாது. அடுத்தவர் நிலத்துக்குள் தடம் போனால் முதலில் நிலத்துக்காரரிடம் அனுமதி கேளுங்கள். இருட்டிய பிறகு துப்பாக்கியோடு தேடுவதைப் பல இடங்களில் சட்டம் அனுமதிப்பதில்லை. சந்தேகம் இருந்தால் வனவிலங்குக் காவலரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத் தேடுவது உத்தமம்.

விழுந்து கிடக்கும் மானைக் கண்டதும் பின்பக்கமாக அணுகுங்கள். செத்த மானின் கண் பெரும்பாலும் திறந்தே இருக்கும். கண் மூடியிருந்தால் உயிர் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீளக் குச்சியால் கண்மணியைத் தொட்டு, அசைவில்லை என்று உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும். நகர்த்துவதற்கு முன் அடையாளச் சீட்டை நிரப்பிக் கொம்பிலோ காதிலோ கட்ட வேண்டும். போன் வழியாகப் பதிவு செய்யும் மாநிலமானால் அதைச் செய்ய வேண்டும். காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்பதை முன்கூட்டியே எண்ணி, காகிதச் சீட்டும் பேனாவும் பையில் வையுங்கள்.

இனி கடிகாரம் ஓடுகிறது

உயிரோடிருக்கும் மானின் உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். கறி 4 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை கிருமி பெருகிக்கொண்டேதான் இருக்கும். குடலை எடுப்பதன் முதல் நோக்கம் சுத்தம் அல்ல, சூட்டை வெளியேற்றுவது. அதனால்தான் படம் எடுப்பதைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பெரிய கத்தி தேவையில்லை. 8 முதல் 10 சென்டிமீட்டர் அலகு போதும், ஆனால் நன்றாகத் தீட்டியிருக்க வேண்டும். மழுங்கிய கத்திதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும். நைட்ரைல் கையுறை இரண்டு ஜோடி, ஒரு முழம் கயிறு, ஒரு துணி. மானை மல்லாக்கப் படுக்க வைத்து, முடிந்தால் தலைப்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி பாருங்கள். பின்னங்காலின் உட்புறம் முட்டி அருகே கறுத்து நாறும் முடிக்கற்றை உண்டு, அது வாசனைச் சுரப்பி. அதைத் தொட்ட கையாலும் கத்தியாலும் கறியைத் தொடாதீர்கள். சுரப்பியை அறுத்தெடுக்க வேண்டியதில்லை, சும்மா விட்டுவிடுவதே நல்லது.

முதலில் ஆசனவாயைச் சுற்றி, இடுப்பெலும்பின் உட்புறத்தை ஒட்டி வட்டமாக அறுத்து, குழாயை வெளியே இழுத்துக் கயிற்றால் இறுகக் கட்டுங்கள். இந்த ஒரு முடிச்சு பின்னந்தொடையைக் காப்பாற்றும். பிறகு நெஞ்செலும்பு முடியும் இடத்தில் தோலைக் கிள்ளித் தூக்கி, ஓர் அங்குலம் மட்டும் கீறுங்கள். அந்தக் கீறலுக்குள் இடக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கவைபோல விரித்து நுழைத்து, இரைப்பையைக் கீழே அமுக்கிக்கொண்டு, கத்தியின் கூர்ப்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துக் கீழ்நோக்கி அறுத்துக்கொண்டே போங்கள். கத்திமுனை எப்போதும் விரல் நுனியைத் தாண்டக் கூடாது. அறுவை போகப் போக இரைப்பை பலூன்போல மேலெழும்பி வரும். இங்கே அவசரப்பட்டுக் கத்தியைக் கவிழ்த்துப் பிடித்தால் ஒரே குத்தில் பச்சைச் சாறு முழுவதும் கொட்டிவிடும். பால்மடி இருந்தால் சுற்றி அறுத்து அப்புறப்படுத்துங்கள். பால் கறியில் பட்டால் கெடும்.

அடுத்து வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் உதரவிதானம். விலா எலும்பை ஒட்டி இருபுறமும் அறுத்து, கையை முழங்கை வரை உள்ளே விட்டு மூச்சுக்குழலைத் தடவிக் கண்டுபிடியுங்கள். வளையம் வளையமாகக் கெட்டியாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அறுக்கிறோம் என்பதால் மற்றக் கை எங்கே இருக்கிறது என்ற நினைப்பு வேண்டும். காட்டில் கை வெட்டுப்படுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் சேர்த்து மேலே அறுத்து, இறுகப் பிடித்துப் பின்னோக்கி இழுத்தால் எல்லாம் ஒரே தொகுதியாக வந்துவிடும். மூத்திரப்பை மட்டும் இடுப்புக்கூட்டில் தங்கும். அதன் கழுத்தை விரலால் நெரித்துப் பிடித்து அறுத்து, சிந்தாமல் வெளியே எடுங்கள். இடுப்பெலும்பைப் பிளக்கத் தேவையே இல்லை. பிறகு மானைக் குப்புறப் புரட்டி ரத்தத்தை வடியவிடுங்கள்.

ஈரலும் இருதயமும் வேண்டுமென்றால் இப்போதே எடுத்துத் தனிப்பையில் போடுங்கள். ஈரலில் வெள்ளைப் புள்ளியோ சீழ்க்கட்டியோ தட்டையான புழுவோ தெரிந்தால் தின்ன வேண்டாம். இரைப்பை கிழிந்து சாறு பட்டுவிட்டால் சுத்தத் தண்ணீரால் கழுவி, உடனே துணியால் ஈரம் போகத் துடைத்து, நிறம் மாறிய சதையைத் தாராளமாகச் சீவி எறியுங்கள். ஓடைத் தண்ணீரால் கழுவுவது கழுவாமலிருப்பதைவிடக் கெடுதல்.

வண்டி வரை இழுக்கும்போது தலைப்பக்கம் முன்னால் இருக்கட்டும். முடி படிந்த போக்கில் சறுக்கும். மடங்கும் பிளாஸ்டிக் சறுக்குப் பலகை இருந்தால் பாதி உழைப்பு மிச்சம். நாற்பது ஐம்பது கிலோவை மேட்டில் இழுப்பது இருதயத்துக்குக் கடுமையான வேலை. உட்கார்ந்தே பழகியவர்கள் இரண்டு நிமிடம் இழுத்தால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். மானின் மேல் ஆரஞ்சுத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். புதருக்குள் அசையும் பழுப்பு உடம்பை இன்னொருவர் குறி பார்க்க இடம் கொடுக்கக் கூடாது.

குளிர்வித்தலும் பதமாக்கலும்

வெளி வெப்பம் 4 டிகிரிக்குக் கீழே என்றால் தோலோடு தொங்கவிடலாம். 10 டிகிரியைத் தாண்டினால் தொங்கவிடும் பேச்சே வேண்டாம். தோலை உரித்து, நான்கு கால்களையும் பிரித்து, பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்க வேண்டும். உரிப்பது சூடு இருக்கும்போதே எளிது, கைமுட்டியால் அமுக்கினாலே தோல் கழன்று வரும். சூடு நீண்ட நேரம் தங்குவது பின்னந்தொடையில் எலும்பை ஒட்டிய இடத்தில். மேலே தொட்டால் சில்லென்றிருக்கும், உள்ளே அழுகத் தொடங்கியிருக்கும். எலும்பருகே பச்சையாக, புளித்த நாற்றத்தோடு தெரிவது அதுதான். பெட்டியில் வைக்கும்போது தண்ணீர் வடியும் துளையைத் திறந்து, பெட்டியைச் சற்றுச் சாய்த்து வையுங்கள். கறி பனிக்கட்டிக்கு மேலே ஒரு தட்டில் இருக்க வேண்டும், உருகிய தண்ணீரில் ஊறக் கூடாது.

இவ்வளவு அவசரத்துக்குப் பிறகு மறுபடி நிதானம். உயிர் போன சில மணி நேரத்தில் தசை விறைக்கும், ஏறக்குறைய ஒரு நாளில் தளரும். விறைப்பு முடிவதற்குள் எலும்பிலிருந்து கறியை அறுத்து எடுத்தாலோ உறைய வைத்தாலோ தசை சுருங்கி, எவ்வளவு வேகவைத்தாலும் ரப்பராக இருக்கும். மான் கறி கடினம் என்ற புகாரில் பாதி இதனால் வருவது. 1 முதல் 4 டிகிரிக்குள் வைக்க வசதி இருந்தால் எலும்போடு ஐந்து முதல் ஏழு நாள் விட்டுப் பிறகு அறுங்கள். வெப்பத்தைக் கட்டுப்படுத்த வசதி இல்லையென்றால் ஒரு நாள் போதும். கூடத்தில் தொங்கவிட்டு வானிலையை நம்புவது பதமாக்கல் ஆகாது. முதுகெலும்பின் உட்புறம், இடுப்பை ஒட்டிய இரண்டு சிறிய மெல்லிய சதைகளை மட்டும் முதல் நாளே எடுத்துவிடுங்கள். அவை தாமாகவே மென்மையானவை, விட்டால் காய்ந்து போகும்.

அறுக்கும்போது கொழுப்பையும் வெள்ளிநிறச் சவ்வையும் இரக்கமில்லாமல் நீக்குங்கள். ஆட்டுக் கொழுப்பைப் போல நினைத்து விட்டுவைத்தால் மெழுகாக அண்ணத்தில் ஒட்டும், காட்டு வாடை என்று சொல்வதும் பெரும்பாலும் இதுவே. முதுகுச் சதையை விரலகல வில்லைகளாகச் சுடலாம். பின்னந்தொடையைத் தசை தசையாகப் பிரித்தால் வறுக்கவும் குழம்புக்கும் ஆகும். கழுத்தும் முழங்காலும் மூன்று நான்கு மணி நேரம் மெதுவாக வேகவேண்டியவை. மீதி கொத்துக்கறி, அதோடு 10 முதல் 20 சதவீதம் பன்றிக் கொழுப்போ மாட்டுக் கொழுப்போ சேர்க்காவிட்டால் உதிரும். கொத்துக்கறி 71 டிகிரி வரை வேக வேண்டும். குடல் நீக்கிய மான் 50 கிலோ என்றால் எலும்பில்லாக் கறி 20 முதல் 25 கிலோ தேறும்.

ஈயத் தோட்டா பயன்படுத்துகிறவர்கள் காயத்தைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குச் சதையைத் தள்ளிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் துளையிலிருந்து வெகுதூரம் சிதறும். 2008இல் நார்த் டகோட்டாவில் தானமாக வந்த மான் கொத்துக்கறியில் எக்ஸ்ரேயில் ஈயத் துணுக்குகள் தெரிந்ததால் உணவு வங்கிகள் அதைத் தூக்கி எறிய வேண்டியிருந்தது. வீட்டில் குழந்தைகளோ கர்ப்பிணியோ இருந்தால் செப்புத் தோட்டாவுக்கு மாறுவதே சரி.

நோய்ப் பரிசோதனை

மான்களை உருக்கிக் கொல்லும் சி.டபிள்யூ.டி. நோய் 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில் முதலில் தென்பட்டது. இன்று 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. பிரியான் என்ற புரதத்தால் வருவது, சமைத்தாலும் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான நிகழ்வு இல்லை. ஆனாலும் நோய் உறுதியான மானின் கறியைத் தின்ன வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் அறிவுரை. பார்வைக்கு நல்ல மானும் நோயோடு இருக்கலாம் என்பதால், நோய்ப் பகுதியில் சுட்டால் தலையைச் சில அங்குலக் கழுத்தோடு பரிசோதனைக்குக் கொடுங்கள். தொண்டைக்குப் பின்னாலுள்ள நிணநீர்க் கணுவைத்தான் சோதிக்கிறார்கள். முடிவு வரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை கறியை உறைய வைத்து, ஒவ்வொரு பொட்டலத்திலும் மானின் சீட்டு எண், தேதி, எந்தப் பாகம் என்று அழியாத மையால் எழுதுங்கள். இரண்டு மானின் கறியை ஒரே அரைவையில் கலக்காதீர்கள். ஒன்றுக்கு நோய் என்று வந்தால் இரண்டும் போகும். கடைக்காரரிடம் அறுக்கக் கொடுத்தால் உங்கள் மானைத் தனியாக அரைப்பாரா என்று முதலிலேயே கேளுங்கள்.

முதுகெலும்பை ரம்பத்தால் அறுக்காமல் மூட்டு மூட்டாகக் கத்தியால் பிரியுங்கள். வேலை முடிந்ததும் கத்தியில் சதைத் துணுக்கு இல்லாமல் தேய்த்துக் கழுவி, இரண்டு பங்கு வீட்டு ப்ளீச்சும் மூன்று பங்கு தண்ணீரும் கலந்து 5 நிமிடம் ஊற வையுங்கள். தலையையும் முதுகெலும்பையும் நோய்ப் பகுதியை விட்டு வெளியே எடுத்துச் செல்லப் பல மாநிலங்கள் தடை வைத்திருக்கின்றன. எலும்பைத் தோட்டத்திலோ காட்டோரத்திலோ வீசாமல், விதி சொல்கிறபடி குப்பைக் கிடங்குக்குப் போகும் பையில் கட்டி அனுப்புங்கள். மண்ணில் விழுந்த பிரியான் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும், அதே புல்லைத்தான் அடுத்த மான் மேயப்போகிறது.